சினிமாவுக்குப் போன நாவலாசிரியர் என்ன ஆவார்? வில்லியம் கோல்ட்மனின் கதை

கேள்வி இதுதான்: நன்றாக நாவல் எழுதிக்கொண்டிருந்த ஒருவர் திரைக்கதை எழுதப் போனால் அவருடைய நாவல் கெட்டுப்போகுமா? அமெரிக்காவில் இரண்டிலும் பெயர் வாங்கியவர்கள் உண்டா? உண்டென்றால் அது எப்படி முடிந்தது?

உண்டு, சிலர் இருக்கிறார்கள். பத்துப் பேரைப் பற்றி இரண்டிரண்டு வரி எழுதுவதைவிட ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு விரிவாகச் சொல்கிறேன். வில்லியம் கோல்ட்மன். பதினைந்துக்கும் மேற்பட்ட நாவல்கள், திரைக்கதைக்கு இரண்டு ஆஸ்கர், சினிமாத் தொழிலைப் பற்றி இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் ஒரு நூல் என்று எல்லாம் இவர் கணக்கில் இருக்கின்றன. இவரைத் தேர்ந்தெடுக்க வேறொரு காரணமும் உண்டு. தன் நாவல்களையே தன் கையால் திரைக்கதையாக்கியவர் இவர். ஒரே கதை காகிதத்தில் எப்படி நடக்கிறது, திரையில் எப்படி நடக்கிறது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இவரைப் போல வாகானவர் கிடைப்பது கடினம்.

1931இல் சிகாகோவில் பிறந்தார். வளர்ந்தது அருகிலுள்ள ஹைலண்ட் பார்க் என்ற ஊரில். அப்பா குடிக்கு அடிமையாகி, கோல்ட்மனுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது தற்கொலை செய்துகொண்டார். அண்ணன் ஜேம்ஸும் எழுத்தாளர். ‘தி லயன் இன் விண்டர்’ நாடகத்தை எழுதியவர், அதைப் படமாக்கியபோது திரைக்கதைக்கு ஆஸ்கரும் வாங்கியவர். தம்பி முதல் ஆஸ்கரை வாங்குவதற்கு ஓராண்டு முன்னால் அண்ணன் வாங்கினார் என்பது குடும்பக் கணக்கு. தற்கொலை செய்துகொண்ட அப்பாவும் மூத்த அண்ணனும் பிறகு ஒரு நாவலில் வருவார்கள். அதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

ஓபர்லின் கல்லூரியில் படித்தபோது நடந்ததாக அவரே பலமுறை சொன்ன ஒரு சம்பவம் இருக்கிறது. கல்லூரி இலக்கியப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் அவரும் ஒருவர். வரும் கதைகளைப் பெயர் போடாமல் படித்து முடிவெடுப்பது அங்கே வழக்கம். கோல்ட்மன் தன் கதைகளையும் அந்தக் கட்டுக்குள் செருகிவிடுவார். மற்ற ஆசிரியர்கள் படித்துவிட்டு, இந்தக் குப்பையை எப்படிப் போடுவது என்பார்கள். அவரும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். படைப்பிலக்கிய வகுப்பிலும் மோசமான மதிப்பெண்தான். பிறகு ராணுவத்தில் பென்டகனில் குமாஸ்தா வேலை, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1956இல் முதுகலைப் பட்டம். ஆசிரியர் வேலைக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையில், கடைசியாக ஒரு முறை பார்த்துவிடுவோம் என்று அந்த ஆண்டின் கோடையில் மூன்றே வாரத்தில் ஒரு நாவலை எழுதி முடித்தார். ‘தி டெம்பிள் ஆஃப் கோல்ட்’. 1957இல் நாஃப் பதிப்பகம் வெளியிட்டது. அப்போது வயது இருபத்தாறு.

அதன்பின் ஏழெட்டு ஆண்டுகள் அவர் முழு நாவலாசிரியர். அந்த நாவல்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இன்று தேடிப் படிக்க வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சுவாரசியம் தொடங்குவது ஒரு முட்டுச் சந்தில். ‘பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ் டுகெதர்’ என்ற பெரிய நாவலின் நடுவே எழுத்து நின்றுவிட்டது. அந்தச் சமயம் பாஸ்டனில் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவந்த ஒருவனைப் பற்றிச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. கொலைகாரன் ஒருவனாக இல்லாமல் இருவராக இருந்தால்? ஒருவனுக்கு மற்றவன் மேல் பொறாமை வந்தால்? இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு சில நாட்களில் ஒரு சின்ன நாவலை எழுதித் தள்ளினார். ‘நோ வே டு டிரீட் எ லேடி’. அத்தியாயங்கள் மிகச் சிறியவை, சில ஒரு பக்கத்தைக்கூடத் தாண்டாதவை. சொந்தப் பெயரில் வெளியிடாமல் ஹாரி லாங்பா என்ற புனைபெயரைப் போட்டார். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சின்ன நாவலின் கைப்பிரதி நடிகர் கிளிஃப் ராபர்ட்சன் கைக்குப் போனது. துண்டு துண்டான அத்தியாயங்களைப் பார்த்த ராபர்ட்சன் அதை நாவல் என்று நினைக்கவில்லை. சினிமாவுக்காக எழுதிய கதைச்சுருக்கம் என்று எடுத்துக்கொண்டார். ‘மஸ்கரேட்’ படத்துக்கு வசனத்தைத் திருத்தவும், ‘ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்’ கதைக்குத் திரைக்கதை எழுதவும் கூப்பிட்டார். கோல்ட்மன் சினிமாவுக்குள் வந்தது இப்படி, ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டதால். திரைக்கதை பக்கத்தில் எப்படி இருக்கும் என்பதுகூட அவருக்கு அப்போது தெரியாது. நள்ளிரவு தாண்டி டைம்ஸ் சதுக்கத்துக்குப் போய், இரவெல்லாம் திறந்திருக்கும் கடையில் திரைக்கதை பற்றிய புத்தகம் ஒன்றைத் தேடி வாங்கினாராம். அவர் எழுதிய முதல் திரைக்கதை பிடிக்காமல் ராபர்ட்சன் அவரை நீக்கிவிட்டு வேறொருவரை அமர்த்தினார். அந்தப் படம் ‘சார்லி’ என்ற பெயரில் வந்து ராபர்ட்சனுக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கிக்கொடுத்தது. தொடக்கமே இப்படி.

1966இல் வந்த ‘ஹார்ப்பர்’தான் அவரை நிலைநிறுத்தியது. ராஸ் மெக்டொனால்டின் துப்பறியும் நாவல், பால் நியூமன் கதாநாயகன். அதன் முதல் காட்சியைப் பார்க்க வேண்டும். துப்பறிவாளன் காலையில் எழுகிறான், காபி போடப் பார்க்கிறான், தூள் இல்லை. நேற்று குப்பையில் போட்ட வடிதாள் கண்ணில் படுகிறது. கொஞ்சம் யோசித்துவிட்டு அதையே எடுத்து மீண்டும் காபி போடுகிறான். ஒரு வசனமும் கிடையாது. ஆள் எப்படிப்பட்டவன், கையில் காசு எவ்வளவு இருக்கிறது என்று எல்லாம் தெரிந்துவிடுகிறது. படத்தில் பெயர்கள் ஓடுவதற்கு ஏதாவது வேண்டும் என்று கேட்டதால் கடைசி நேரத்தில் எழுதிக் கொடுத்த காட்சி அது.

இனி ‘புட்ச் கேசிடி அண்ட் தி சன்டான்ஸ் கிட்’. சன்டான்ஸ் கிட் என்ற ரயில் கொள்ளைக்காரனின் உண்மைப் பெயர் ஹாரி லாங்கபா. மேலே சொன்ன புனைபெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். 1950களின் கடைசியிலிருந்தே இந்த இருவரின் வரலாற்றை அவர் தேடிப் படித்துக்கொண்டிருந்தார். நாவலாக எழுதியிருக்கலாம். ஆனால் அந்தக் காலத்து மேற்குப் பகுதியின் வாழ்க்கையை நாவலுக்குத் தேவையான அளவு நுணுக்கமாக ஆராய அவருக்கு மனமில்லை. குதிரை என்றாலே பிடிக்காது வேறு. எனவே திரைக்கதையாக எழுதினார். இந்த இடம் முக்கியம் என்று நினைக்கிறேன். நாவலில் சேணத்தின் தோல் வாசனையை எழுத்தாளன் எழுத வேண்டும். திரைக்கதையில் ‘குதிரைமேல் வருகிறார்கள்’ என்று எழுதினால் போதும். மீதியைக் கேமரா பார்த்துக்கொள்ளும். தனக்கு எது வராது என்பதைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற வடிவத்தை அவர் எடுத்துக்கொண்டார்.

கதையில் ஒரு வில்லங்கம் இருந்தது. நிஜத்தில் இந்த இருவரும் தங்களைத் துரத்திய தனிப்படைக்குப் பயந்து தென் அமெரிக்காவுக்கு, பொலிவியாவுக்கு ஓடிவிட்டார்கள். கெளபாய் படத்தில் நாயகன் ஓடுவதாவது! ஒரு ஸ்டுடியோத் தலைவர், அவர்கள் ஓடாமல் நின்று சண்டை போடுவதாக மாற்றினால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். உண்மையில் ஓடினார்களே என்றதற்கு, ஜான் வெய்ன் (கெளபாய் படங்களின் பெரிய நாயகன்) ஓட மாட்டார் என்பது பதில். கோல்ட்மன் ஓட்டத்தை விடவில்லை, அதையே படத்தின் முதுகெலும்பாக்கினார். துரத்துபவர்களின் முகத்தைக் கடைசிவரை அருகில் காட்டுவதே இல்லை. தூரத்தில் புள்ளிகளாக, இரவில் விளக்குகளாக வந்துகொண்டே இருப்பார்கள். ‘யார் இவர்கள்?’ என்று நாயகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். நமக்கும் தெரியாது. அந்தப் பயம் நமக்குள் இறங்கிய பிறகு, இவர்கள் நாட்டைவிட்டு ஓடினால் யாரும் கோழை என்று சொல்ல மாட்டார்கள். திரைக்கதை என்பது கட்டமைப்புதான் என்று அவர் பிற்காலத்தில் ஓயாமல் சொல்லிவந்தார். அந்த வார்த்தைக்குப் பொருள் தெரிய வேண்டுமானால் இந்தத் துரத்தலைப் பார்த்தால் போதும்.

அந்தத் திரைக்கதை 4,00,000 டாலருக்கு விலைபோனது. அன்றைக்கு அது யாரும் கேள்விப்படாத தொகை. எழுத்துக்கு இவ்வளவா என்று சிலர் வயிறெரிந்தார்கள். 1969இல் படம் வந்தபோது விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். மக்கள் கேட்கவில்லை, அந்த ஆண்டு அமெரிக்காவில் அதிக வசூல் செய்த படம் அதுதான். முதல் ஆஸ்கரும் வந்தது.

சரி, கேள்விக்கு வருவோம். சினிமாவில் இவ்வளவு பணம் வந்த பிறகு நாவல் என்ன ஆனது? அவருடைய மிகச் சிறந்த இரண்டு நாவல்களும் அதற்குப் பிறகுதான் வந்தன.

முதலாவது ‘தி பிரின்சஸ் பிரைட்’, 1973. அவருக்கு இரண்டு பெண்கள். எதைப் பற்றிக் கதை வேண்டும் என்று கேட்டார். ஒருத்தி இளவரசி என்றாள், இன்னொருத்தி மணப்பெண் என்றாள். அப்படியானால் தலைப்பு அதுதான் என்றார். ஓரிரு அத்தியாயம் எழுதியதும் வறண்டுவிட்டது. காட்சிகள் மனத்தில் இருக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி இல்லை. அப்போது ஒரு தந்திரம் தோன்றியது. இது என் நாவல் இல்லை, எஸ். மார்கன்ஸ்டெர்ன் என்பவர் எழுதிய பழைய பெரிய நாவல். சின்ன வயதில் எனக்கு உடம்பு சரியில்லாதபோது அப்பா படித்துக் காட்டியது. வளர்ந்த பிறகு எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சலிப்பூட்டும் அரண்மனை வர்ணனை. அப்பா அதையெல்லாம் தாண்டி நல்ல இடங்களை மட்டும் படித்திருக்கிறார். நானும் நல்ல இடங்களை மட்டும் சுருக்கித் தருகிறேன். எல்லாம் கட்டுக்கதை. மார்கன்ஸ்டெர்ன் என்று ஓர் ஆள் இல்லை. நூலில் வரும் ‘கோல்ட்மனுக்கு’ மனநல மருத்துவரான மனைவியும் ஒரு பையனும் உண்டு, அவர்களும் இல்லை. ஆனால் இந்தப் பொய்யால் வேலை எளிதானது. இரண்டு காட்சிகளுக்கு நடுவே பாலம் கட்ட வேண்டிய இடத்திலெல்லாம், இங்கே அறுபது பக்கத்தை வெட்டிவிட்டேன் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம்!

காதலர்கள் மீண்டும் சந்திக்கும் காட்சியை மார்கன்ஸ்டெர்ன் எழுதவில்லை, நான் எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் பதிப்பகத்துக்குக் கடிதம் போடுங்கள் என்று நூலுக்குள்ளேயே ஒரு குறிப்பு. வாசகர்கள் உண்மையிலேயே எழுதினார்கள். பதிலாகக் கிடைத்தது காட்சி இல்லை. வழக்கு வில்லங்கம் காரணமாக அனுப்ப முடியவில்லை என்று விளக்கும் இன்னொரு நகைச்சுவைக் கடிதம். வெட்டி ஒட்டுவதிலும் தாண்டிப் போவதிலும் இவ்வளவு துணிச்சல் அவருடைய முந்தைய நாவல்களில் கிடையாது. அது சினிமாவில் பழகியது என்பது என் ஊகம்.

இரண்டாவது ‘மராத்தான் மேன்’, 1974. அவருடைய நாவல்களைப் பதிப்பித்துவந்த ஹைரம் ஹேடன் அவருக்குத் தந்தையைப் போன்றவர். ஹேடன் 1973இல் இறந்தார். அவர் இருந்திருந்தால் இப்படி ஒரு த்ரில்லரை எழுதியிருக்க மாட்டேன் என்ற பொருளில் கோல்ட்மன் பிறகு சொன்னார். இதில் பேப் என்ற மாணவன் ஒரு பக்கம். அவனுடைய அப்பா தற்கொலை செய்துகொண்டவர், அண்ணன் டாக் வெளியூரில் தொழில் செய்கிறான். இன்னொரு பக்கம் ஸில்லா என்ற ரகசியக் கொலையாளி. அத்தியாயங்கள் மாறி மாறி வருகின்றன. ஒரு கட்டத்தில் குத்துப்பட்ட ஸில்லா தள்ளாடித் தள்ளாடி ஒரு வீட்டுக்கு வந்து, அங்கிருப்பவன் கையில் விழுகிறான். அங்கிருப்பவன் பேப். ஸில்லாதான் டாக். இதுவரை படித்த பக்கங்கள் எல்லாம் அந்த நொடியில் தலைகீழாகின்றன. நாவலை இன்னும் படிக்காதவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொல்ல முடியாது.

படத்தில் இந்த வித்தை நடக்காது. காகிதத்தில் பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடுவான். திரையில் முகம் இருக்கிறது. இரண்டு பேருக்கும் ராய் ஷைடரின் முகம். கோல்ட்மனே திரைக்கதை எழுதியும் அந்த அதிர்ச்சியைத் திரைக்குக் கொண்டுபோக முடியவில்லை. அதற்குப் பதில் படம் பெற்றது வேறொன்று: லாரன்ஸ் ஒலிவியே என்ற பெரிய நடிகர் பல் மருத்துவக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் காட்சி. நாவலிலும் அது இருக்கிறது, ஆனால் அந்தக் குரல் இல்லை. படத்தின் முடிவை வேறொருவர் மாற்றி எழுதினார். கோல்ட்மனுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை.

1976இல் ‘ஆல் தி பிரெசிடென்ட்ஸ் மென்’. வாட்டர்கேட் ஊழலை வெளிக்கொண்டுவந்த இரண்டு நிருபர்கள் எழுதிய நூல். கதை ஊருக்கே தெரியும், அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகியதும் தெரியும். கோல்ட்மன் செய்தது என்ன? நூலின் பின்பாதியைத் தூக்கி வைத்துவிட்டார். நிருபர்கள் ஒரு பெரிய தவறு செய்து அவமானப்படும் இடத்தோடு கதை ஏறக்குறைய முடிகிறது. மீதியைத் தந்தி இயந்திரம் அடித்துச் சொல்லிவிடுகிறது. ‘பணம் போகும் வழியைப் பின்தொடர்’ என்ற வசனத்தை இன்று உலகமே நிஜ ரகசியத் தகவலாளர் சொன்னதாக நினைக்கிறது. அது அந்த நூலில் இல்லை, திரைக்கதையில் வந்தது. இரண்டாவது ஆஸ்கர் இதற்குத்தான். ஆனால் அவருக்கு இதில் கசப்புத்தான் மிஞ்சியது. நிருபர்களில் ஒருவரான கார்ல் பெர்ன்ஸ்டீனும் எழுத்தாளர் நோரா எஃப்ரானும் கோல்ட்மனுக்குத் தெரியாமல் தனியாக ஒரு திரைக்கதை எழுதிக் கொண்டுவந்தார்கள். தயாரித்து நடித்த ராபர்ட் ரெட்ஃபோர்ட் அதைப் படித்துப் பார்க்கச் சொன்னார். அந்தப் பிரதியிலிருந்து ஒரு காட்சி படத்தில் நின்றது என்றும், அப்படி ஒன்று நிஜத்தில் நடக்கவே இல்லை என்றும் கோல்ட்மன் எழுதியிருக்கிறார். வாழ்க்கையை மறுபடி வாழ முடிந்தால் மற்ற எல்லாத் திரைக்கதைகளையும் எழுதுவேன், இதன் பக்கம் மட்டும் போக மாட்டேன் என்றார்.

பிறகு 1980 வாக்கில் தொலைபேசி நின்றுவிட்டது. எழுதிய சில திரைக்கதைகள் வரிசையாகப் படமாகாமல் போயின. இரண்டு ஆஸ்கர் வாங்கியவரை ஐந்தாண்டுகள் யாரும் கூப்பிடவில்லை. இந்தக் காலத்தில்தான் 1983இல் ‘அட்வென்ச்சர்ஸ் இன் தி ஸ்க்ரீன் டிரேட்’ வந்தது. ‘யாருக்கும் எதுவும் தெரியாது’ என்ற புகழ்பெற்ற வரி இதில்தான் இருக்கிறது. எந்தப் படம் ஓடும் என்று சினிமாவில் ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாது என்பது பொருள். பலர் இந்த வரியை மட்டும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது நூலின் கடைசிப் பகுதி. முடிதிருத்துபவர் ஒருவரைப் பற்றித் தான் எழுதிய பழைய சிறுகதையைத் திரைக்கதையாக்கி, அதை ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், இசையமைப்பாளர், இயக்குநர் என்று ஒவ்வொருவரிடமும் கொடுத்துக் கருத்துக் கேட்கிறார். ‘புட்ச் கேசிடி’யை இயக்கிய ஜார்ஜ் ராய் ஹில் அதைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுகிறார். கோல்ட்மன் அதையும் அப்படியே அச்சில் போட்டிருக்கிறார்.

சினிமாவுக்குத் திரும்பி வந்தது இயக்குநர் ராப் ரெய்னர் மூலம். ‘தி பிரின்சஸ் பிரைட்’ உரிமையை 1970களில் ஒரு ஸ்டுடியோ வாங்கியிருந்தது. வாங்கியவர் வேலை போனதும் கதை அலமாரிக்குப் போனது. கோல்ட்மன் சொந்தப் பணத்தைக் கொடுத்து உரிமையை மீட்டு வைத்திருந்தார். 1987இல் அது படமானது. நூலில் இருந்த பொய் ஆசிரியர், பொய்க் குடும்பம், வெட்டிய பக்கங்கள் எதையும் திரையில் காட்ட முடியாது. பதிலாக, உடம்பு சரியில்லாத பேரனுக்குத் தாத்தா புத்தகம் படித்துக் காட்டுகிறார். முத்தக் காட்சி வந்தால் பேரன் குறுக்கிடுகிறான். நூலின் அத்தனை பக்கச் சமத்காரமும் இரண்டு பேர், ஒரு படுக்கை, ஒரு புத்தகமாகச் சுருங்கிவிட்டது. படப்பிடிப்பில் நாயகியின் ஆடையில் தீப்பற்றும் காட்சியில், ஐயோ தீப்பிடித்துவிட்டது என்று கோல்ட்மனே கத்திவிட்டதால் அந்த ஷாட் வீணானதாம். எழுதியவரே! திரையரங்கில் படம் சுமாராகத்தான் போனது. வீடியோவில்தான் வீட்டுக்கு வீடு புகுந்தது.

1990இல் ‘மிசரி’. ஸ்டீபன் கிங்கின் நாவல்: விபத்தில் சிக்கிய எழுத்தாளனை அவனுடைய தீவிர வாசகி அடைத்து வைத்து, தனக்குப் பிடித்த கதாபாத்திரத்தை உயிர்ப்பித்து இன்னொரு நாவல் எழுத வைக்கிறாள். நாவலில் அவள் அவன் காலைக் கோடரியால் வெட்டுகிறாள். கோல்ட்மன் இந்தப் படத்தை ஒப்புக்கொண்டதே அந்தக் காட்சிக்காக. ரெய்னர் அதை, சம்மட்டியால் கணுக்காலை உடைப்பதாக மாற்றினார். கோல்ட்மன் கூச்சல் போட்டார். படம் பார்த்த பிறகு, அவர்கள் செய்ததுதான் சரி, வெட்டியிருந்தால் பார்வையாளர்கள் அவளை முழுக்க வெறுத்திருப்பார்கள் என்று ஒப்புக்கொண்டார். கேத்தி பேட்ஸை நடிக்க வைக்கச் சொன்னதும் அவர்தான். பேட்ஸுக்குச் சிறந்த நடிகை ஆஸ்கர் கிடைத்தது. இதற்குப் பின் வந்தவற்றில் ‘தி கோஸ்ட் அண்ட் தி டார்க்னெஸ்’ நம் வாசகர்களுக்குச் சற்று நெருக்கமானது. 1898இல் கென்யாவின் சாவோவில் ரயில் பாலம் கட்டிய தொழிலாளர்களை இரண்டு சிங்கங்கள் வேட்டையாடிய உண்மைச் சம்பவம். அந்தத் தொழிலாளர்களில் பலர் இந்தியாவிலிருந்து போனவர்கள். படத்தில் ஓம் புரி நடித்திருப்பார். மற்றவற்றைத் தேடிப் பார்க்கச் சொல்ல மாட்டேன்.

இப்போது தேதிகளை வரிசையாகப் பாருங்கள். சினிமா நன்றாகப் போன 1970களிலும் நாவல் வந்தது, நன்றாகவே வந்தது. தொலைபேசி அடிக்காத ஆண்டுகளில், 1982 முதல் 1985 வரை, ஆண்டுக்கு ஒரு நாவல். 1986இல் ‘பிரதர்ஸ்’ என்ற நாவல், ‘மராத்தான் மேன்’ கதையின் தொடர்ச்சி. அதற்கு அடுத்த ஆண்டு ‘தி பிரின்சஸ் பிரைட்’ படம் வந்து தொலைபேசி மறுபடி அடிக்கத் தொடங்கியது. ‘பிரதர்ஸ்’ நாவலுக்குப் பிறகு 2018 நவம்பரில் நியூயார்க்கில் இறக்கும்வரை, முப்பத்திரண்டு ஆண்டுகளில், ஒரு நாவல்கூட வெளிவரவில்லை. எனவே என் பதில்: சினிமா அவருடைய நாவலைக் கெடுக்கவில்லை, சில விஷயங்களில் மெருகேற்றியது, ஆனால் ஒரு கட்டத்தில் அதன் நேரத்தை எடுத்துக்கொண்டது. அவரோ தன் எழுத்தில் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்க்க முடிந்தவை இரண்டே என்றார்: ஒரு திரைக்கதை, ‘புட்ச் கேசிடி’, ஒரு நாவல், ‘தி பிரின்சஸ் பிரைட்’.

அந்த நாவலுக்குத் தொடர்ச்சி வேண்டும் என்று வாசகர்கள் அவரை விடவில்லை. இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பில் ‘பட்டர்கப்ஸ் பேபி’ என்று ஒரே ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தார். மீதியை ஏன் தரவில்லை என்பதற்கும் ஒரு கட்டுக்கதை வைத்திருந்தார்: மார்கன்ஸ்டெர்னின் வாரிசுகள் சுருக்கும் வேலையை ஸ்டீபன் கிங்குக்குக் கொடுக்க நினைக்கிறார்களாம். இரண்டாவது அத்தியாயம் வரவே இல்லை.